படகு இன்ஜினில் ஜிங்க் ராடு
(தடைக்காலத்துக்கு முன் நடந்த படகு உரிமையாளர்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியவர்களே, காக்காமார்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். இன்ஜினைத் திறந்து பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அதனால் இன்று விரல் நீளமுள்ள ஓர் உலோகத் துண்டைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் வட்டியில்லாக் கடனில் வாங்கிய ஓர் இன்ஜின் இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் குழாய் ஓட்டையாகி, உப்புத் தண்ணீர் கூலண்டில் கலந்து, உள்ளே எல்லாம் அரித்துவிட்டது. மெக்கானிக் ஒரு பித்தளை பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். அதன் நுனியில் ஜிங்க் ராடு இருக்க வேண்டும், ஒன்றுமில்லை. கரைந்து எத்தனை மாதமோ! அந்தச் சகோதரர் "நஸீபு" என்றார். ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது? கடன் கொடுக்கும்போது இரண்டு ஜாமீன் கேட்ட நாங்கள், இந்த ராடைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அவருடைய தவணையைத் தள்ளிவைத்தோம். அந்தப் பணத்துக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். கடல் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி. இரண்டில் பலவீனமானது கரையும், மற்றது தப்பிக்கும். செம்பு, பித்தளை, இரும்பு எல்லாவற்றையும்விட ஜிங்க், அதாவது துத்தநாகம், சீக்கிரம் கரையும். ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி 1824-லேயே ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகளை இந்த முறையில் காப்பாற்றிக் காட்டினார். நம் வாலிபர் ஒருவர் இதை "குர்பானி கொடுக்கிற ராடு" என்றார். அப்படிச் சொல்ல வேண்டாம் தம்பி, குர்பானி இபாதத். இது கடையில் வாங்கும் சாமான்.

இனி செய்ய வேண்டியது. காற்றில் குளிரும் இன்ஜின் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இந்த வேலை இல்லை. மற்றவர்கள், ராடு எத்தனை, எங்கே என்று இன்ஜினோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கடல் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். ராடைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மேலே இருக்கும் வெள்ளைப் பொருக்கு உதிர்ந்த பிறகு மிஞ்சுவதுதான் கணக்கு. பாதி போயிருந்தால் புதிது போடுங்கள். ராடே உடைந்து உள்ளே விழுந்திருந்தால் அந்தத் துண்டுகளை எடுக்காமல் மூடாதீர்கள். அவை குழாய் வாயை அடைத்துக்கொண்டால் இன்ஜின் சூடாகும். புதிய பிளக்கின் மரையில் டேப் சுற்றாதீர்கள். உலோகமும் உலோகமும் தொட்டால்தான் அது வேலை செய்யும். புரொப்பல்லர் பக்கம் அடிக்கும் ஜிங்க் கட்டைக்குப் பெயின்ட் பூசக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல மாதம் கழித்துக் கழற்றினாலும் ராடு புத்தம் புதிதாக இருக்கிறது, "நல்ல சரக்கு" என்று மகிழ்ந்து திரும்பப் போட்டுவிடுகிறார்கள். அது கரையவில்லை என்றால் வேறு ஏதோ கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று, மரையில் அழுக்கோ டேப்போ இருக்கும். அல்லது ஜிங்க் சுத்தமானது இல்லை. பழைய உலோகத்தை உருக்கி வார்த்த ராடில் கொஞ்சம் இரும்பு கலந்தாலே போதும், மேலே ஒரு படலம் பிடித்துச் செயலற்றுப் போய்விடும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

கடல் திறந்த பிறகு மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். தாய்மார்களே, நீங்கள் காலண்டரில் தேதியைக் குறித்து வைத்தால் ஆண்கள் மறக்க மாட்டார்கள். கரண்ட் பில் விஷயத்தில் பார்த்திருக்கிறோம்.

இனி இன்ஜின் கடன் வாங்குகிறவர்களுக்கு அறக்கட்டளை மாற்று ராடு ஒரு செட்டும் சேர்த்துத் தரும், இன்ஷா அல்லாஹ். ஏற்கனவே கடன் வாங்கியவர்கள் தடைக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தங்கள் பழைய ராடோடு அலுவலகத்துக்கு வாருங்கள். மெக்கானிக் இருப்பார். தேய்ந்ததைக் கொண்டுவர யாரும் வெட்கப்பட வேண்டாம். தேயாததைக் கட்டாயம் கொண்டுவாருங்கள்.