முதற் பதிவை எழுதுவோம்



தொலைபேசியில் மணித்தியாலக் கணக்காகப் பழங்கதை கதைக்கும் நாங்கள், எழுதச் சொன்னால் மட்டும் "எழுத வராது" என்கிறோம். 2009 ஜனவரியில் உடையார்கட்டுப் பாடசாலையில் தற்காலிக வைத்தியசாலை இயங்கியது. அதைக் கண்டவர்களில் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? படங்களையும் தேர்ச்சி அறிக்கைகளையும் வழியில் விட்டுவந்தவர்களுக்கு மிஞ்சியது ஞாபகம் மட்டுந்தான். அதுவும் வயது போகப் போக மங்கக்கூடும், வைத்தியர்களாகச் சொல்கிறோம்.

நோயாளியின் குறிப்பேட்டில் நாங்கள் எழுதுவது திகதி, நேரம், கண்டது, செய்தது. வலைப்பதிவு தொடங்கவும் அது போதும். அரைப்பக்கம், ஒரே விடயம். கிழமைக்கு ஒன்றென்றால் தவறவிடக் கூடாது (பிள்ளைகளின் சோதனைக் காலம் விலக்கு!). முதல் வருடம் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று பார்க்கவே வேண்டாம். 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவில் இ. மயூரநாதன் எழுதத் தொடங்கியபோது துணைக்கு மிகச் சிலரே இருந்தனர். அவர் எழுதிய கட்டுரைகள் ஆயிரக்கணக்காகப் பெருகின.

மற்றவரின் பெயரையும் காயத்தையும் அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது. பிரதியொன்றை வேறிடத்திலும் வைக்க வேண்டும். ஜியோசிற்றீஸ் 2009 இல் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் மறைந்தன. எங்களுக்கு 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது.

இம்மலர் கிடைத்த கிழமையே தொடங்குவோம். முதலாம் வகுப்பில் எந்த மரத்தடியில் இருந்தோம் என்றாவது எழுதலாம்.