மடத்து வாயிலைக் கடக்காதவர்



பிரான்சு நாட்டின் வடக்கே, நார்மண்டிப் பகுதியில், லிசியே என்றொரு சிறு நகரம் உண்டு. அங்குள்ள கார்மேல் மடத்தில் 1897ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இளங்கன்னி ஒருவர் காசநோயால் இறந்தார். வயது இருபத்து நான்கு. பதினைந்தாம் வயதில் மடத்துக்குள் சென்றவர், பிறகு வெளியே வரவேயில்லை. பள்ளி நடத்தவில்லை, மருத்துவமனை கட்டவில்லை, மேடையேறிப் பேசவில்லை. ஆயினும் 1927இல் போப்பாண்டவர் பதினோராம் பயஸ், மலாக்கா வரை வந்து போதித்த புனித பிரான்சிஸ் சவேரியாருடன் இவரையும் மறைபரப்புப் பணிக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். ஒருவர் கடல்களைக் கடந்தவர். மற்றவர் மடத்து வாயிலைக் கடக்காதவர். இது எப்படிப் பொருந்தும்?

‘சிறுமலர்’ என்று நாம் அறிந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் அலான்சோன் நகரில் பிறந்தார். தந்தை கடிகாரத் தொழிலாளர். தாய் பூவேலை லேஸ் வணிகம் செய்தவர். நான்கு வயதில் தாயை இழந்தார். மூத்த சகோதரியர் இருவர் கார்மேல் மடம் புகவே, தாமும் அங்கே செல்லத் துடித்தார். வயது போதாது என்றனர். 1887இல் தந்தையோடு ரோமாபுரிக்குச் சென்றபோது, பதின்மூன்றாம் லியோ போப்பாண்டவரின் காலடியில் மண்டியிட்டு அனுமதி கேட்டார். காவலர்கள் தூக்கி எழுப்ப வேண்டியதாயிற்று. அவ்வளவு பிடிவாதம்! அடுத்த ஆண்டு ஏப்ரலில் மடத்துக் கதவு திறந்தது.

உள்ளே என்ன கிடைத்தது? செபம், துணி வெளுத்தல், தையல், பெருக்குதல், கடுங்குளிர். அத்துடன், தாமாகத் தேர்ந்துகொள்ளாத இருபதுக்கு மேற்பட்ட மனிதர்களுடன் நாள்தோறும் வாழவேண்டிய நிலை. அங்கே நோயாளியான முதிய கன்னியர் ஒருவர் இருந்தார். மாலையில் அவரைக் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் செல்லும் வேலையைத் தெரேசா கேட்டு வாங்கிக்கொண்டார். வேகமாக நடந்தால், விழுந்துவிடுவேன் என்பார் அந்த அம்மையார். மெதுவாக நடந்தால், உன் கை என்னைப் பிடித்திருக்கவே இல்லையே என்பார். ஒருநாள், ரொட்டியை நறுக்க அவர் சிரமப்படுவதைத் தெரேசா கவனித்தார். அன்றுமுதல் தாமே நறுக்கிக் கொடுத்து, ஒரு புன்னகையும் தந்துவிட்டுத்தான் நகர்வார். குளிர்கால மாலை ஒன்றில் இந்தப் பணியின் நடுவே தொலைவில் இன்னிசை கேட்டது. விளக்கொளி வீசும் மாளிகைக் கூடம் அவர் மனக்கண்ணில் தோன்றியது. அந்தக் கூடத்துக்காக இந்த முனகலை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று எண்ணிக்கொண்டாராம்.

இதுதான் அவர் கண்ட ‘சிறிய வழி’. பெரிய தவங்களைச் செய்யும் ஆற்றல் தமக்கு இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, கைக்கு எட்டிய சிறு செயலை முழு அன்போடு செய்வது. மிச்சத்தை இறைவனிடம் விடுவது. கேட்பதற்கு எளிது. அந்த அம்மையாரை நாள்தோறும் நடத்திச் சென்றவருக்கே அதன் கடினம் தெரியும்.

ஆனால், ரோஜா மலர்களை ஏந்திய படங்கள் நமக்குச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. 1896ஆம் ஆண்டு புனித வாரத்தில் அவர் முதன்முறையாக இரத்தம் கக்கினார். சில நாட்களில் உள்ளத்தையும் இருள் சூழ்ந்தது. இனிமை தந்த விண்ணகம் பற்றிய நினைவே வேதனையாயிற்று. நடுவே வானளாவிய சுவர் ஒன்று எழுந்துவிட்டதாக எழுதினார். விசுவாசம் இல்லாதவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்திருப்பதாக உணர்ந்தார். அவர்களை வெறுக்காமல், அவர்களுக்காக வேண்டினார். இறக்கும்வரை அந்த இருள் விலகவில்லை. அவரைப் பெரியவராக்கியது இந்தப் பதினெட்டு மாதங்களே என்பது என் எண்ணம்.

இவற்றை அவர் எழுதியது சாதாரணப் பள்ளி நோட்டுப் புத்தகங்களில். தமக்கையும் மடத்துத் தலைவியுமாக இருந்தவர் பணித்ததால் 1895இல் எழுதத் தொடங்கினார். மறைந்து சரியாக ஓராண்டில், 1898இல், அது இரண்டாயிரம் படிகள் அச்சாயிற்று. தமக்கையார் நிறையத் திருத்தித்தான் வெளியிட்டார். தெரேசாவின் சொந்தக் கையெழுத்துப் படிகளை உலகம் 1956இல்தான் கண்டது. அதற்குள் அந்நூல் பல மொழிகளில் பரவிவிட்டது. முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரர்கள் அவர் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். 1925இல் புனிதர் பட்டம் கிடைத்தது. முறையான உயர்கல்வி இல்லாத அவரை 1997இல் இரண்டாம் யோவான் பவுல் போப்பாண்டவர் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

அல்பேனியக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், துறவறத்தில் இவர் பெயரையே ஏற்றார். அவரே கல்கத்தா அன்னை தெரேசா. அன்னையின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, பல்லாண்டுகளாக அவரும் இதேபோன்ற இருளில் இருந்தபடியே தொழுநோயாளிகளைத் தொட்டுத் தூக்கினார் என்று தெரியவந்தது. பெயரோடு பாதையும் வந்து சேர்ந்தது போலும்!

நம் பகுதியோடும் தெரேசாவுக்குத் தொடர்பு உண்டு. லிசியே மடத்துக் கன்னியர் 1861இல் சைகோனில் ஒரு மடத்தை நிறுவினர். அதிலிருந்து 1895இல் ஹனோயில் இன்னொன்று தோன்றியது. உடல் தேறினால் ஹனோய்க்குச் செல்ல வேண்டும் என்பது தெரேசாவின் ஆசை. உடல் தேறவில்லை. அவர் மறைந்த முப்பத்திரண்டாம் ஆண்டில், 1929இல், சிங்கப்பூர் கம்போங் பாருவில், ஹொக்கியன் மொழி பேசும் கத்தோலிக்கருக்காக எழுந்த தேவாலயத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.