அரியணை மண்டபமும் அருங்காட்சியகமும்



ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் தவறாமல் காட்டுகிறோம். ஜன்பத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தையோ, வெயிலுக்கு ஒதுங்கும் இடமாகவே கருதியிருக்கிறோம். அது பிறந்த கதையை அறிந்தால் அவ்வாறு கருதமாட்டோம்.

1947-48ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் லண்டன் ராயல் அகாடமியில் இந்தியக் கலைப் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கிருந்து திரும்பிய சிலைகளைப் பிரித்தனுப்ப மனமின்றி, இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையில் காட்சிக்கு வைத்தனர். 1949 ஆகஸ்டு 15ஆம் நாள் அங்கேயே தேசிய அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தவர், அந்நாளைய கவர்னர் ஜெனரலாகிய நம் இராஜாஜி. வைஸ்ராயின் அரியணைக்கு முன் அழைப்புப் பெற்றோர் மட்டுமே நின்ற மாளிகையில் சாதாரணக் குடிமக்கள் சிலை காண நடந்தார்கள். குடியாட்சி என்பதை நம் மக்கள் காலால் நடந்து உணர்ந்த முதல் இடங்களுள் அதுவும் ஒன்று எனலாம். ஜன்பத் கட்டடம் 1960இல் திறக்கப்பெற்றது.

அங்கே புதுக்கோட்டைச் சீமைத் திருவரங்குளத்து நடராசர் எழுந்தருளியிருக்கிறார். காலைத் தூக்கி ஆடும் கோலமன்று. இரு முழங்கால்களையும் மடித்து ஆடும் சதுர தாண்டவம். நம்முள் பலர் அவரைக் கண்டு, ஊர்க்காரரைக் கண்டதுபோல் நெகிழ்ந்ததுண்டு. ஆனால், "இவர் ஏன் கோயிலில் இல்லை?" என்று உடன் வந்த பிள்ளை கேட்டால் விடை சொல்லத் தடுமாறுகிறோம்.

பெருமையை மட்டும் காப்பது அருங்காட்சியகத்தின் பணியன்று. 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் சுடப்பட்ட பிர்லா மாளிகையை அரசு 1971இல் பெற்று, 1973இல் மக்களுக்குத் திறந்தது. அடிகள் இறுதியாக நடந்த வழியில் அடிச்சுவடுகள் பதிக்கப்பெற்றுள்ளன. நாடு தலைகுனிந்த இடத்தை மறைக்காமல் காட்டும் துணிவு அது.

வடக்கு, தெற்குச் செயலகக் கட்டடங்களில் புதிய தேசிய அருங்காட்சியகம் அமையும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. மீண்டும் அதிகார மாளிகைகள் மக்களுக்குத் திறக்கப்பெறும். ஆதலின் நம் சங்கம் ஒரு விண்ணப்பம் அனுப்புதல் நன்று: ஒவ்வொரு சிலையருகிலும் அதன் ஊரும், ஊரை விட்டு வந்த வழியும் எழுதப்பெற வேண்டும், தமிழ்நாட்டுச் சிலைகளுக்குத் தமிழிலும் வேண்டும். வெற்றிகளுக்கு அளிக்கும் இடத்தைப் பஞ்சங்களுக்கும் பிரிவினைத் துயருக்கும் அளித்தல் வேண்டும். வாசகத்தைச் செயற்குழு வகுக்கட்டும்.

அதற்குமுன் வரும் ஞாயிறன்று குழந்தைகளோடு திருவரங்குளத்தாரைக் கண்டு வருவோம். திங்களன்று அங்கே விடுமுறை.