விமானியாக விரும்பும் மாணவரும் அவருடைய ஆவணங்களும்

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விமானி ஆவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மாணவி நம்மிடம் கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்கள் சொல்கிறோம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிக்க வேண்டும். பல லட்சம் ரூபாய் செலவாகும். இரண்டும் உண்மைதான். மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது ஆவணங்கள். பயிற்சியில் சேரும் நாள் முதல் உரிமம் கையில் வரும் நாள் வரை, ஒரு மாணவர் பறப்பதற்கு எவ்வளவு கவனம் செலுத்துகிறாரோ அவ்வளவு கவனத்தை ஆவணங்களுக்கும் செலுத்தியாக வேண்டும். அவற்றுள் அடிப்படையான சில நம் பள்ளி அலுவலகத்தில்தான் உருவாகின்றன. ஆகவே இது நம்முடைய வேலையும்கூட.

என்னென்ன தேவை?

நம் நாட்டில் விமானி உரிமங்களை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். சுருக்கமாக டிஜிசிஏ என்பார்கள். மாணவ விமானி உரிமம் பெறக் குறைந்தது 16 வயது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கு 18 வயது. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் வேண்டும் என்ற விதியைத் தளர்த்துவது பற்றிய பேச்சும் நடந்து வருகிறது. எனவே சேரும் ஆண்டில் என்ன விதி என்பதை டிஜிசிஏ இணையதளத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்குத் தாமே பொறுப்பேற்ற தலைமை விமானியாக இருக்க வேண்டும். 300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டர் தொலைவுக்குக் குறையாத ஒரு பயணத்தை, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறி முடித்திருக்க வேண்டும். இரவுப் பறப்பு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் ஆகியவற்றுக்கும் தனித்தனி மணிக்கணக்கு உண்டு. வான்வழி செலுத்தம், வானிலையியல், விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகளில் 70 விழுக்காடு எடுக்க வேண்டும். ரேடியோ தொடர்புக்குத் தனித் தேர்வு. மருத்துவத் தகுதிச் சான்றைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம், ஒரு கையொப்பம், ஒரு காலவரம்பு இருக்கின்றன. பறக்கும் மணிக்கணக்கு முடிந்தும் ஒரு சான்று காலாவதியாகிவிட்டதால் விண்ணப்பம் திரும்பி வருவது இந்தத் துறையில் அடிக்கடி கேட்கும் கதை.

பறப்புப் பதிவேடு

இவற்றுள் முதன்மையானது லாக் புக் எனப்படும் பறப்புப் பதிவேடு. நாள், விமானத்தின் பதிவெண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், யார் பொறுப்பில் பறந்தது, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு பறப்பையும் மையால் எழுத வேண்டும். புறப்படுவதற்காக விமானம் தன் விசையால் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, பறப்பு முடிந்து ஓய்ந்து நிற்கும் வரைதான் கணக்கு. மாணவர் எழுதுவது மட்டும் போதாது. விமானத்துக்கென்று தனிப் பதிவேடு உண்டு. பயிற்சி நிறுவனத்தில் பறப்பு அனுமதிப் பதிவேடு உண்டு. விமான நிலையக் கட்டுப்பாட்டிலும் பதிவு இருக்கும். நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒருவர் ஒரு மணி நேரத்தைக் கூட்டி எழுதினால் மற்ற மூன்றில் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். 2011ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்லுங்கள். கோவாவில் ஒரு பயணிகள் விமானம், பின்சக்கரங்களுக்குப் பதிலாக முன்சக்கரம் முதலில் தரையில் மோதும்படி இறக்கப்பட்டது. விசாரணையில், அந்த விமானி உயர்நிலை உரிமம் பெறக் கொடுத்த மதிப்பெண் பட்டியல் போலி என்று தெரியவந்தது. நாடு முழுவதும் விமானிகளின் உரிமங்கள் சரிபார்க்கப்பட்டன. மேலும் சிலர் கைதாயினர். பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிய வழக்கு ராஜஸ்தானில் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

2020இல் பாகிஸ்தானில் நடந்தது இன்னும் பெரிது. அந்த நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் உரிமம் ஐயத்துக்குரியது என்று அமைச்சரே நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டு அரசு விமான நிறுவனத்துக்குத் தடை விதித்தது. தடை நீங்க 2024 நவம்பர் வரை ஆயிற்று. ஐயப்பட்டியலில் இருந்த பலர் பின்னர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். ஆவண முறை ஒரு முறை நம்பிக்கை இழந்துவிட்டால், நேர்மையாகப் படித்துத் தேறியவரும் தன்னை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. சிலர் செய்யும் மோசடிக்கு முதலில் விலை கொடுப்பவர் நேர்மையான மாணவர்தான் என்பதை வகுப்பில் அழுத்தமாகச் சொல்லலாம்.

பள்ளியில் தொடங்கும் சிக்கல்

இனி நம் பங்குக்கு வருவோம். டிஜிசிஏ தேர்வு எழுத ஒவ்வொருவருக்கும் கணினி எண் என்று ஒன்று தருவார்கள். அதற்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகள் வேண்டும். அவை உண்மையானவை என்று தேர்வு வாரியம் உறுதிசெய்யவும் வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் உண்மைத்தன்மைச் சான்று பெற வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது, தலைப்பெழுத்து. நம் வழக்கப்படி மதிப்பெண் பட்டியலில் ‘கா. செல்வி’ என்று இருக்கும். கடவுச்சீட்டில் அப்பா பெயரை விரித்து ‘செல்வி காளிமுத்து’ என்று இருக்கும். ஆதாரில் ‘காளிமுத்து செல்வி’ என்று இருக்கலாம். நமக்கு மூன்றும் ஒரே பெண்தான். கணினிக்கோ மூன்று பேர்.

இரண்டாவது, ஆங்கில எழுத்துக்கூட்டல். முத்துலட்சுமி என்ற பெயரைப் பத்தாம் வகுப்பில் ஒரு விதமாகவும் பன்னிரண்டில் வேறு விதமாகவும் எழுதிய சான்றுகள் எத்தனை!

மூன்றாவது, பிறந்த நாள். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு வசதியாக மே மாதமோ ஜூன் மாதமோ ஒரு தேதியைக் கொடுத்துவிடும் பழக்கம் நம் ஊர்களில் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் வேறு தேதி இருக்கும். பதினெட்டு வயதில் அந்த வேறுபாடு எழுந்து நின்று வழிமறிக்கும்.

இவற்றைத் திருத்தலாம். ஆனால் பள்ளியை விட்டுப் போன பிறகு திருத்துவதற்கு மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் பயிற்சிக் கட்டணம் கட்டியாகிவிட்டால், கடன் வாங்கிய குடும்பத்துக்கு ஒவ்வொரு மாதமும் வட்டி.

நாம் செய்யக்கூடியவை

பொதுத்தேர்வுக்கு முன் வரும் பெயர்ப்பட்டியலைச் சடங்காகக் கையெழுத்திட்டு அனுப்பாதீர்கள். மாணவரிடம் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் கொண்டுவரச் சொல்லி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே வான்வழித் துறையில் ஆர்வம் உள்ளவர்களைக் கேட்டு அறியுங்கள். வேறு பிரிவில் படித்துவிட்டவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியலும் கணிதமும் எழுதலாம் என்பதையும் சொல்லுங்கள்.

கண்பார்வை, நிறம் காணும் திறன் ஆகியவற்றை முன்பே சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேதியியல் ஆய்வகத்தில் டைட்டரேஷனின் நிறமாற்றம் தெரியாமல் தடுமாறும் மாணவரை நம்மால் கண்டுகொள்ள முடியும். முதல் வகுப்பு மருத்துவத் தகுதி கிடைத்த பிறகே பெரிய தொகையைக் கட்டுவது குடும்பத்துக்குப் பாதுகாப்பு. பயிற்சி நிறுவனத்துக்கு டிஜிசிஏ ஒப்புதல் நடப்பில் இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக, செய்முறைப் பதிவேடு. ஆய்வகத்தில் வராத அளவீட்டை நண்பனின் ஏட்டைப் பார்த்து நிரப்பும் பழக்கத்தை நாம் பல நேரம் கண்டும் காணாமல் விடுகிறோம். அதே கை நாளை பறப்புப் பதிவேட்டை எழுதப் போகிறது. ‘வந்த அளவை எழுது, வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது’ என்று நாம் பழக்கினால், விமானி உரிமத்துக்கான முதல் பாடத்தை நடத்தியவர்கள் நாமாகவே இருப்போம்.