ஒட்டுப்போட்ட ஸ்டியரிங்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து லொறியிலும் டிரெக்டர் பெட்டியிலும் ஏறித்தான் நம்மில் பலர் தூர மலைக்குப் போகிறோம். அந்த வண்டிக்குப் புதுச் சாமான் கேட்டால் செலவு என்கிறார்கள். பழைய இரும்பில் கிடந்த டை ரொட்டை வெட்டி, நீளம் பார்த்து, வெல்டிங் வைத்து மாட்டுவதும் நடக்கிறது.

முன் சில்லு இரண்டையும் ஒன்றாகத் திருப்புவது டை ரொட். வெல்டிங் சூடு பட்ட ஓரம் நொறுங்கும் தன்மை பெறலாம், வெளியே தெரியாது. வளைவில், குழியில் விழுந்த அடியில் முறிந்தால் ஸ்டியரிங் திரும்பும், சில்லு திரும்பாது.

வேறு வண்டியின் போல் ஜொயின்டும் ஆபத்துத்தான். அதன் தண்டு கூம்பானது. ஓட்டையோடு சரியாகப் பொருந்தாவிட்டால், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஆடித் தேயும்.

பழைய சாமானே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே மொடலாக, தேயாமல், வெட்டாமல், ஒட்டாமல் இருந்தால் தெரிந்த பாஸ் பார்த்துப் போடட்டும். ஸ்பிளிட் பின் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

வண்டியை நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் லேசாக ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். மூட்டில் ஆட்டம் கண்டால் ஆள் ஏறக்கூடாது.

வேலையில் அடிபட்டால் ஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. போன காலை அது திருப்பித் தராது.

ஆகவே, "வண்டி சரியில்லை" என்று டிரைவர் தம்பி சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். பழுதை எழுதி, திகதி போட்டு, தலைவர் மூலம் துரையிடம் கொடுங்கள். பிரதி ஒன்று நம் கையில் இருக்கட்டும்.