திரை இருண்டால் கணினி கெட்டுவிட்டதா?



மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில், பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய கணினி வாங்கி, காசு கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸை அதில் ஏற்றிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. லினக்ஸ் 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் மாணவர்களுக்கு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார்கள்.

இந்த லினக்ஸின் கெர்னலைப் புதுப்பித்த மறுநாள், சில வேளைகளில் திரை இருண்டே கிடக்கும். உடனே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டால், வெள்ளியும் போகும். பிள்ளை எழுதி வைத்த பாடங்களும் போகும். அந்த அவசரம் நமக்கு வேண்டாம்.

காரணத்தைப் பார்ப்போம். கெர்னல்தான் தோட்டத்து நிர்வாகி. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் அட்டை, வேலையாட்கள். நடுவில் நின்று உத்தரவைச் சொல்லும் மண்டோர்தான் டிரைவர். புதிய நிர்வாகியின் பேச்சு பழைய மண்டோருக்கு விளங்காவிட்டால், பெரட்டுக்கு வந்த ஆட்கள் நின்றபடியே நிற்பார்கள். அதனால் தோட்டம் அழிந்துவிட்டதாக யாராவது சொல்வோமா?

இண்டெல், ஏஎம்டி அட்டைகளின் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. என்விடியா டிரைவர் தனியாக ஏற்றப்படுவது. கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கேற்ப மறுபடி தயாராக வேண்டும். ஆகவே சிக்கல் அங்குதான் அதிகம்.

இனி வழியைச் சொல்வோம். பழைய கெர்னல் கணினிக்குள்ளேயே இருக்கும். உபுண்டு போன்றவற்றில், கணினியை முடுக்கியதும் எஸ்கேப் பொத்தானைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். பழைய கணினிகளில் ஷிப்ட் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் சென்று, முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். படம் வந்துவிட்டால் கணினி நலமாக இருக்கிறது என்று பொருள். முதல் வேலையாகப் பாடங்களைப் பென்டிரைவில் படியெடுத்து வையுங்கள்.

பிறகு, புதிய கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகளை ஏற்றி, என்விடியா டிரைவரை மறுபடி நிறுவுங்கள். அதன் பின்னும் திரை இருண்டால், ‘செக்யூர் பூட்’ என்னும் காவல், கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றோர்களே, இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். தேர்வுக்கு முதல்நாள் கெர்னலைப் புதுப்பிக்க விடாதீர்கள். புதியது ஒழுங்காக ஓடும்வரை பழைய கெர்னலை நீக்காதீர்கள்.