மேம்படுத்துவதா, துடைத்துவிட்டு நிறுவுவதா?



இருக்கும் வீட்டையே செப்பனிடுவதா, அல்லது புளோக்கை இடித்துவிட்டு வேறிடத்தில் புது வீடு கொடுப்பதா? குவீன்ஸ்டவுன் மக்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே பழக்கம். தங்ளின் ஹால்ட், காமன்வெல்த் டிரைவ் பகுதிகளில் 31 புளோக்குகளை ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ப்பதாக வீவக 2014-ஆம் ஆண்டு அறிவித்தது. வீட்டை மேம்படுத்தினால் குடியிருப்பவர் உள்ளே இருக்கும்போதே வேலை நடந்துவிடும். தூசியும் சத்தமும் சில நாள்தான். இடம் மாறுவதென்றால் ஒவ்வோர் அலமாரியையும் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். பரண்மேல் மறந்துவிட்ட பெட்டி, கட்டடத்தோடு போய்விடும்.

மடிக்கணினியின் இயங்குதளத்தை மாற்றுவதிலும் இதே இரண்டு வழிகள்தான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதன் பிறகு பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுந்தது. விண்டோஸ் 11-க்கு மாறுவது சரி, எப்படி மாறுவது?

முதல் வழி மேம்படுத்துதல். பழைய இயங்குதளத்தின் மேலேயே புதியது அமரும். கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லையென்றால் பொதுவாக 10 நாள்களுக்குள் பழையதற்கே திரும்பவும் முடியும். ஆனால் நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே வரும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த வேண்டாத மென்பொருள்கள் வரும். ஒளிந்திருக்கும் நச்சுநிரலும் வரலாம்.

இரண்டாவது வழி, வன்தட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுதல். இதற்குக் குறைந்தது 8 கிகாபைட் கொள்ளளவுள்ள யுஎஸ்பி விரலி வேண்டும். முடித்ததும் கணினி குப்பை நீங்கிச் சுத்தமாக இருக்கும். விண்டோஸ் உரிமத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். முறையாகச் செயற்படுத்தப்பட்ட கணினியில் அதே வகைப் பதிப்பை நிறுவினால், இணையத்தோடு சேர்ந்ததும் உரிமம் பொதுவாகத் தானாகவே உறுதியாகிவிடும். அஞ்ச வேண்டியது வேறு. துடைத்த தட்டில் இருந்தவை திரும்ப வரமாட்டா.

எந்த வழி யாருக்கு? கணினி ஒழுங்காக ஓடுகிறது, பிள்ளைகளின் பாடங்களும் அலுவலக மென்பொருள்களும் அதில் இருக்கின்றன என்றால் மேம்படுத்துவதே போதும். அடிக்கடி உறைந்து நிற்கிறது, நச்சுநிரல் புகுந்ததாகச் சந்தேகம், வேறொருவர் பயன்படுத்திய கணினி என்றால் துடைத்துவிட்டு நிறுவுவதே நல்லது. 32-பிட் விண்டோஸ் 10 உள்ளவர்களுக்குத் தேர்வே இல்லை. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பு கிடையாது. செயலி 64-பிட் வகையாக இருந்து மற்றத் தகுதிகளும் பொருந்தினால், புதிதாகத்தான் நிறுவ வேண்டும். டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பிடம், ஏற்கப்பட்ட செயலி ஆகியவை இல்லாத பழைய கணினிகளுக்கு இரண்டு வழிகளுமே முறைப்படி திறந்தில்லை.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அதற்கும் குவீன்ஸ்டவுனுக்கும் தொடர்பு இருக்கிறது. நகரத் திட்டமிடல் கணக்கில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்துக்குள் அடங்கும் கெண்ட் ரிட்ஜில்தான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உள்ளது. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. கணினியில் தமிழுக்காக உழைத்த அவர் 1999-இல் காலமானார். அன்று ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் படிக்க வராது. 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு தாம், தாப் என்ற தரங்கள் வந்தன. யூனிகோடு தமிழோ விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு வந்து சேர்ந்தது.

அதற்கு முன்பும், அதன் பின் சில ஆண்டுகளும் தட்டச்சு செய்யப்பட்ட சங்க அறிக்கைகள், கவிதைகள், பட்டிமன்றப் பேச்சுகள், வகுப்புத் தாள்கள் எத்தனையோ வீட்டுக் கணினிகளில் இன்றும் உள்ளன. அவை படிக்க வருவது, பழைய எழுத்துரு அந்தக் கணினியில் இருப்பதால்தான். மேம்படுத்தினால் அந்த எழுத்துரு பெரும்பாலும் தங்கிவிடும். துடைத்துவிட்டால் போய்விடும். கோப்பைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாலும், திறந்து பார்த்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். தாத்தா எழுதிய கட்டுரை பேரப் பிள்ளைக்குக் கிறுக்கலாகிவிடும்.

எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வேலை படியெடுப்பது. வெளித்தட்டு ஒன்றில் கோப்புகளோடு, விண்டோஸ் அடைவில் உள்ள எழுத்துருக்களையும் சேர்த்துப் படியெடுங்கள். பழைய தமிழ் ஆவணங்களைப் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். உருமாற்றி மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றி, மூலம் சரியாகத் தெரியும் கணினியிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். வன்தட்டு பூட்டாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். வைஃபை இயக்கியையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பிறகு அந்த வெளித்தட்டை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறக்காத படியை நம்பிப் பயனில்லை.

தேக்காவிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ கடைக்காரர், "ஃபார்மட் செய்துவிடலாமா?" என்று கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை, வேகமாக முடியும் வழி அது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் எழுதியது எந்த அடைவில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைப் படியெடுத்த பிறகு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.